நோவின் இடமும் நோயின் இடமும்: இடுப்பு மூட்டுச் சிகிச்சை வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

வைத்தியத்தின் வரலாறு நெடுங்காலமாக வைத்தியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இலக்கிய வரலாறு புலவர் சரித்திரமாக மட்டும் எழுதப்பட்ட காலம் ஒன்று நம்மிடையே இருந்ததை இலக்கிய மாணவர் அறிவர். 1886இல் வெளிவந்த ‘பாவலர் சரித்திர தீபகம்’ போன்ற நூல்கள் அக்காலத்தின் பேறுகள். அவற்றின் பயன் பெரிது. எனினும், பாடியோர் பெயரை நிரைப்படுத்துவதால் மாத்திரம் பாடல் ஏன் அவ்வாறு பிறந்தது என்பது விளங்கிவிடுவதில்லை. வைத்திய வரலாறு இன்னமும் பெரும்பாலும் அந்நிலையிலேயே நிற்கின்றது. இன்னார் இன்ன ஆண்டில் இன்ன சத்திரசிகிச்சையைக் கண்டார் என்ற பட்டியலுக்கு அப்பால், எவருடைய உடல் நோயுற்றது, எவருடைய நோவு செவிமடுக்கப்பட்டது, சிகிச்சைக்குரிய பொருளும் கருவியும் எந்த உற்பத்தித் துறையிலிருந்து வந்தன என்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இடுப்பு மூட்டு என்ற ஒரேயொரு மூட்டினை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய மாணவன் ஒருவன் என்பின் வரலாற்றிலே தலையிடுவானேன் என்று கேட்கப்படலாம். இவ்விடயத்தில் எனக்கு ஆர்வம் பிறந்தது றோசா லக்சம்பேர்க்கின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதாகும். 1871இல் போலந்தின் ஸமோஷ் நகரிற் பிறந்த றோசா, ஐந்து வயதளவில் இடுப்பு நோயால் தாக்குண்டார். வைத்தியர்கள் அதனை மூட்டுச் சயரோகம் என்று கொண்டனர். ஏறத்தாழ ஓராண்டு காலம் குழந்தை படுக்கையிற் கிடத்தப்பட்டது. அந்தப் படுக்கையிலேயே எழுத்தும் வாசிப்பும் கைவந்தன என்பர். எழுந்து நடந்தபோது ஒரு கால் குட்டையாயிருந்தது. வாழ்நாள் முழுவதும் தாங்கித் தாங்கியே நடந்தார். அது சயரோகம் அன்று, பெரும்பாலும் பிறவியிலேயே மூட்டு விலகியிருந்தமையாகலாம் என்பது பிற்காலத்தவர் கருத்து. 1919 சனவரி 15ஆம் திகதி அவர் கொல்லப்பட்டு உடல் கால்வாயில் வீசப்பட்டது. மாதங்கள் பல கழிந்தே ஓர் உடல் மீட்கப்பட்டு அவருடையதென அடக்கம் செய்யப்பட்டது. 2009இல் பேர்லின் சரித்தே வைத்தியசாலையின் சட்ட வைத்தியர் மிக்காயேல் சொக்கோஸ், தமது நிலையத்திற் பல்லாண்டு காலமாகக் கிடந்த தலையற்ற உடலொன்று றோசாவினுடையதாக இருக்கலாம் என்று கூறியபோது, அவர் எடுத்துக்காட்டிய சான்றுகளில் முக்கியமானது தேய்ந்த இடுப்பு மூட்டும் நீளம் வேறுபட்ட கால்களுமே. அக்கூற்று ஐயந்திரிபற நிறுவப்படவில்லை. ஆயினும் ஒரு புரட்சிவாதியின் அடையாளத்தை அவருடைய நூல்களைக் கொண்டன்றி இடுப்பென்பைக் கொண்டு தேடவேண்டிய நிலை வந்ததே என்பது என் மனதை விட்டகலவில்லை.

2

மூட்டின் அமைப்பை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். தொடையென்பின் மேல்முனை பந்து போன்று உருண்டு, இடுப்பென்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியிற் பொருந்தியிருக்கின்றது. பந்தும் குழியும் வழுவழுப்பான கசியிழையத்தாற் போர்த்தப்பட்டுள்ளன. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் நிறையைப் போன்று ஏறத்தாழ மும்மடங்கு விசை அம்மூட்டில் விழுகின்றது. உடலைச் சரியவிடாது இழுத்துப் பிடிக்கும் தசைகளின் விசையும் நிறையோடு சேர்ந்துகொள்வதே காரணம். நோயுள்ள பக்கத்திற்கு எதிர்ப்பக்கக் கையிலே பொல்லைப் பிடித்தால் இவ்விசை பெரிதும் குறையும். நம்மவரிற் பலர் நோவுள்ள பக்கத்திலேயே பொல்லை ஊன்றுகின்றனர்.

கசியிழையம் தேய்ந்துபோவது ஒரு வகை நோய். பந்துக்குச் செல்லும் குருதி தடைப்பட்டு என்பு இறந்து பொடிவது இன்னொரு வகை. கிருமி புகுந்து மூட்டை அரிப்பது மூன்றாவது. முதலிரண்டுக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பு ஆராய்ச்சியால் நிறுவப்பட்டது. நீண்டகாலம் கமத்தொழில் செய்தோரிடையே இடுப்பு மூட்டுத் தேய்வு ஏனையோரிலும் கூடுதலாகக் காணப்படுவது 1990களில் இங்கிலாந்திற் செய்யப்பட்ட ஆய்வுகளிற் புலனாயிற்று. யேர்மனியின் ஹம்பேர்க் நகரில் எல்ப் ஆற்றின் கீழே சுரங்கப்பாதை அமைக்கப்பட்டபோது, அமுக்கக் காற்று நிரப்பிய அறைகளில் வேலை செய்த தொழிலாளரின் மூட்டென்புகள் இறந்துபோனமையை 1911இல் போர்ன்ஸ்ரைன், பிளாற்றே என்ற இருவர் பதிவு செய்தனர். வேகமாக மேலே வந்தபோது குருதியில் உண்டான வாயுக் குமிழிகளே என்பைக் கொன்றன. பாதை இன்றும் உள்ளது. தோண்டியவர் பெயர்கள் என்புநோய் நூல்களில் நோயாளிகளாக மட்டுமே எஞ்சின.

இடுப்பு மூட்டு நோயின் விசித்திரம் யாதெனில், நோய் இருக்கும் இடத்தில் நோவு இருப்பதில்லை என்பதாம். மூட்டு பழுதுபட்டவர் பெரும்பாலும் தொடைச் சந்திலே நோவை உணர்வார். தொடையின் முன்புறத்தில் உணர்வார். பலர் முழங்காலில் மாத்திரமே உணர்வர். சிறுபிள்ளைகளிடம் இது மிகச் சாதாரணம். பதின்ம வயதிற் பந்துமுனை வழுவிவிடும் நோயொன்றுண்டு. அப்பிள்ளை முழங்கால் நோகிறதென்றே சொல்லும். முழங்காலைப் படமெடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் இடுப்பு நிரந்தரமாகப் பழுதாகும். 

காரணத்தைத் தெளிவாக விளக்கியவர்களுள் லண்டன் கைஸ் வைத்தியசாலையின் சத்திரவைத்தியர் ஜோன் ஹில்ரன் குறிப்பிடத்தக்கவர். 1860க்கும் 1862க்கும் இடையில் அவர் ஆற்றிய விரிவுரைகள் 1863இல் நூலாயின. ஓய்வும் நோவும் என்பதே பொருள். மூட்டொன்றுக்குச் செல்லும் நரம்பின் கிளைகளே அம்மூட்டை அசைக்கும் தசைகளுக்கும் அத்தசைகள் பொருந்தும் இடத்தின் மேலுள்ள தோலுக்கும் செல்கின்றன என்பது அவர் கண்ட விதி. இடுப்பு மூட்டுக்குக் கிளையனுப்பும் நரம்புகள் முழங்காலுக்கும் கிளையனுப்புகின்றன. மேலே எழுந்த செய்தியைக் கீழிருந்து வந்ததாக மூளை வாசித்துவிடுகின்றது. சமுதாய நோய்கள் எழும் இடமொன்று, வெளிப்படும் இடமொன்று என்று இதனை உருவகமாக்கும் ஆசை எவருக்கும் எழும். நோயை உருவகமாக்குவோர் நோயாளியை மறந்துவிடுகின்றனர் என்று சூசன் சொன்ராக் 1978இல் எழுதியது நியாயமானதாகையால், அவ்வாசையை இவ்விடத்தில் விட்டுவிடுகின்றேன்.

உருவகத்திலும் முக்கியமானது மொழி. நம்மூரில் ‘நாரி நோகுது’ என்பர். ‘இடுப்பு நோகுது’ என்பர். அவ்வாறு சொல்வோர் கைவைத்துக் காட்டுவது பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதியையே. உண்மையில் இடுப்பு மூட்டில் நோயுள்ளவர் காட்டும் இடம் தொடைச் சந்து. அதனை வைத்தியர் முன்னிலையில், அதிலும் ஆண் வைத்தியர் முன்னிலையில், வயது வந்த பெண்ணொருவர் வாய்விட்டுச் சொல்வது எளிதன்று. என் பெரியம்மா ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக முழங்காலுக்கு எண்ணெய் பூசினார். பின்னர் வைத்தியசாலையொன்றில் முழங்காலுக்கே ஊசியும் போட்டுக்கொண்டார். முழங்காலிற் பழுதெதுவும் இருக்கவில்லை. இளம் வைத்தியர் ஒருவர் அவரைக் கட்டிலில் மல்லாக்கக் கிடத்தி, காலை மடக்கி உள்நோக்கித் திருப்பியபோது அவர் அலறிய பின்னரே இடுப்பு படமெடுக்கப்பட்டது. ‘நீங்கள் ஏன் அம்மா முதலிலேயே சந்துக்குள்ளும் நோகுதென்று சொல்லவில்லை?’ என்று அவர் கேட்டாராம். பெரியம்மா சொன்ன விடை: ‘ஒருத்தரும் கேக்கேல்லையே தம்பி.’

மேலைத்தேயச் சத்திரவைத்தியத்தைத் தமிழிலே கற்பிக்க முயன்ற மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் கிறீன் இப்பிரச்சினையை உணர்ந்தவர். லண்டன் சத்திரவைத்தியரான றொபேட் துருயிற்றின் கைந்நூலை ‘இரணவைத்தியம்’ என்ற பெயரில் 1867இல் அவர் தமிழாக்கி வெளியிட்டார். கலைச்சொல்லாக்க முன்னோடி என்று அவரை நாம் போற்றுகின்றோம். நூலுக்குரிய சொல்லை ஆக்கியதோடு பணி முடிந்ததாகக் கொண்டோமேயன்றி, நோயாளி தன் நோவைச் சொல்வதற்குரிய சொற்களைத் தொகுக்கும் வேலை நம்மிடையே போதியளவு நடைபெறவில்லை.

3

எவருடைய நோவு நம்பப்பட்டது என்ற வினாவுக்கு வருவோம். லண்டன் சென் ஜோர்ஜ் வைத்தியசாலையைச் சேர்ந்த பெஞ்சமின் புறோடி 1818இல் மூட்டு நோய்கள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். கவனமான அவதானிப்பு நிறைந்த நூல். அவரே 1837இல் வெளியிட்ட விரிவுரைகளில், உயர்குடிப் பெண்களுள் மூட்டு நோய் உடையோராகக் கருதப்படுவோரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு இருப்பது மூட்டு நோயன்று, ஹிஸ்ரீரியாவே என்று எழுதினார். இடுப்பு நோவும் முழங்கால் நோவும் இவற்றுள் அடங்கும். இக்கூற்றிலே உண்மையும் உண்டு. அசைய இடமின்றி, தொழிலின்றி, படுக்கையறைக்குள் அடைபட்ட பெண்களின் மனம் உடல்வழியே பேசியிருத்தல் கூடும். தேவையற்ற அறுவையிலிருந்து சிலர் இக்கூற்றாற் காப்பாற்றப்பட்டும் இருக்கலாம். ஆயினும் நோவின் இடம் நோயின் இடத்தோடு பொருந்தவில்லை என்பதே பொய்யுணர்வுக்குச் சான்றாகக் கொள்ளப்படும் ஆபத்து அதிலே பொதிந்திருந்தது. ஹில்ரனின் நரம்பு விதி அதன் பின்னரே வந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அதே காலத்தில் மன்செஸ்ரரில் வேறொரு காட்சி. அங்கே பெண்களும் சிறுவரும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் நூற்பு இயந்திரங்களின் முன்னே நின்றனர். எங்கெல்ஸ் 1845இல் யேர்மன் மொழியில் வெளியிட்ட ‘இங்கிலாந்தில் தொழிலாளர் வர்க்கத்தின் நிலைமை’ என்ற நூலிற் கோணிய முள்ளந்தண்டு, உள்நோக்கி வளைந்த முழங்கால், உருக்குலைந்த இடுப்புக்கூடு ஆகியவை பற்றி வைத்திய சாட்சியங்களை ஆதாரமாகக் கொண்டு விரிவாக எழுதியுள்ளார். ஆலைப் பெண்களின் இடுப்புக்கூடு உருமாறியமையாற் பிள்ளைப்பேறு அபாயகரமாயிற்று என்பதும் அவர் கூறும் செய்தி. இவர்களை ஹிஸ்ரீரியா நோயாளர் என்று எவரும் சொல்லவில்லை. இவர்களிடம் நோவைப் பற்றிக் கேட்போரே அரியர். லங்காஷயரின் பருத்தியாலைகள் இக்கட்டுரையில் மீண்டும் ஒருமுறை வரும்.

4

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடுப்பு நோய் என்றால் பெரும்பாலும் சயரோகமே. நெருக்கமான குடியிருப்பும் கிருமியுள்ள பாலும் அதன் ஊற்றுக்கள். சீழ் கட்டி, கால் மடங்கி, பிள்ளை மாதக்கணக்கிற் படுத்துக் கிடக்கும். மயக்க மருந்து பயன்பாட்டுக்கு வந்தது 1846இல். அதற்கு முன்பே, 1820களின் தொடக்கத்தில், லண்டன் வெஸ்ற்மினிஸ்ரர் வைத்தியசாலையில் அன்ரனி வைற் ஒரு சிறுவனின் தொடையென்புத் தலையை வெட்டி அகற்றினார். பையன் பிழைத்தான், நடந்தான். இது துணிச்சலான செயல் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. விழித்திருந்த சிறுவனின் துணிச்சல் பற்றி அவை சொல்வதில்லை.

அறுவையை எதிர்த்து, ஓய்வை வலியுறுத்தியவர் லிவர்பூலைச் சேர்ந்த ஹியூ ஓவன் தோமஸ் (1834-1891). இவருடைய தந்தை ஈவன் தோமஸ் வைத்தியப் பட்டம் பெறாத பரம்பரை முறிவு வைத்தியர். வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சீ தீவிலிருந்து வந்தவர். பட்டம் பெற்ற வைத்தியர்கள் அவரை வழக்குகளால் அலைக்கழித்தமையின், தம் மக்களை அவர் வைத்தியக் கல்விக்கு அனுப்பினார். மகன் பட்டம் பெற்றும் வைத்தியசாலைப் பதவி எதனையும் வகிக்கவில்லை. துறைமுகத் தொழிலாளரும் மாலுமிகளும் வாழ்ந்த பகுதியில், தம் வீட்டிலேயே கொல்லனையும் தோல்வினைஞனையும் வேலைக்கு வைத்து, நோயாளி ஒவ்வொருவரின் அளவுக்கும் இரும்புத் தாங்கிகளைச் செய்வித்தார். ஞாயிறு தோறும் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். 1875இல் வெளிவந்த அவரது நூல் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டு நோய்களைப் பற்றியது. நோயாளியை மல்லாக்கக் கிடத்தி நல்ல காலை வயிற்றோடு மடக்கும்போது நோயுற்ற கால் தானாகவே மேலெழுகின்றதா எனப் பார்க்கும் சோதனை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை; கட்டிலொன்று போதும்.

நமது முறிவு நெரிவு வைத்தியரைப் பற்றி எண்ணாமல் இவ்வரலாற்றைப் படிக்க முடியவில்லை. இங்கிலாந்தில் மக்கள் மரபின் கைத்திறன், வர்க்கத் தடைகளையும் மீறி, ஒரு குடும்பத்தின் வழியாக விஞ்ஞானத்தினுள் நுழைந்தது. தோமஸின் மருமகனும் மாணவனுமாகிய றொபேட் ஜோன்ஸ், மன்செஸ்ரர் கப்பற் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில் (1887-1894) ஆயிரக்கணக்கான தொழிலாளரின் விபத்துச் சிகிச்சைக்குப் பொறுப்பாயிருந்து, மாமனின் முறைகளைப் பெருந்தொகையானோரிடம் பயன்படுத்தினார். நம்மிடத்தில் அவ்வாறு நிகழவில்லை. குடியேற்ற ஆட்சியில் வந்த வைத்தியம் மேலிருந்து வந்தது. உள்ளூர்க் கைத்திறன் கீழே தனித்து நின்றது. இரண்டுக்குமிடையே இன்றும் பேச்சுவார்த்தை மிகக் குறைவு. நாட்டு வைத்தியரை வானளாவப் புகழ்வோரும் முற்றாக நிராகரிப்போரும் இவ்விடைவெளியை அகலப்படுத்தவே உதவுகின்றனர்.

ஜோன்ஸோடு சேர்ந்து பணியாற்றிய அக்னெஸ் ஹன்ற் (1866-1948) என்ற தாதியாரும் சிறுவயதிலேயே இடுப்பென்பு நோய்க்கு ஆளானவர். ஊன்றுகோலோடு நடந்தவர். 1900ஆம் ஆண்டு பாஸ்சேர்ச் என்ற கிராமத்திலே திறந்த கொட்டில்களில் ஊனமுற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை அவர் அமைத்தார். காற்று, வெயில், உணவு, மகிழ்ச்சி ஆகியவையே அங்கு முதன்மை மருந்துகள். நோயாளியே சிகிச்சை நிலையத்தை அமைப்பவராக மாறிய இந்நிகழ்ச்சிக்கு வைத்திய வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளே ஒதுக்குகின்றன.

பால் பற்றி ஒரு சொல். 1882இல் சயரோகக் கிருமியைக் கண்டறிந்த றொபேட் கொக், 1901இல் லண்டன் மாநாட்டிலே, மாட்டுச் சயரோகத்தால் மனிதருக்கு அபாயம் பெரிதில்லை என்றார். அதனை ஆராய அமைக்கப்பட்ட பிரித்தானிய அரச ஆணைக்குழு 1911 வரை வேலை செய்து அது தவறென்று காட்டிற்று. பிள்ளைகளின் என்பு, மூட்டுச் சயரோகத்திற் கணிசமானது பாலால் வந்தது. அதன் பின்பும் பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்குவது இங்கிலாந்தில் எங்கும் நடைமுறைக்கு வரப் பல பத்தாண்டுகள் எடுத்தன. விஞ்ஞானம் 1911இல் அறிந்ததை 1930களின் குழந்தைகளின் இடுப்புகள் அறியவில்லை. இடையே நின்றவை பாற்பண்ணை நலன்களும் மூலப்பால் பற்றிய நம்பிக்கைகளும்.

5

இறுகிப்போன மூட்டை அசையச் செய்ய முயன்ற முதல் முயற்சிகளுள் ஒன்று 1826இல் பிலடெல்பியாவில் நடந்தது. ஜோன் றீ பார்ற்றன் மாலுமி ஒருவனின் தொடையென்பை, மயக்க மருந்தின்றி, ஏழு நிமிடங்களில் வெட்டி, அவ்வெட்டு பொருந்திவிடாதவாறு அசைத்து அசைத்துப் பொய்மூட்டொன்றை உண்டாக்கினார். மாலுமி நடந்தான், சில ஆண்டுகளிற் பொய்மூட்டும் இறுகிவிட்டது. பின்வந்த நூறு ஆண்டுகளிற் சத்திரவைத்தியர் முன் நான்கு வழிகள் இருந்தன. என்பை வெட்டித் திசைமாற்றி, தேயாத பகுதியிற் பாரத்தை விழச்செய்தல். மூட்டை அசையாதவாறு பூட்டிவிடுதல். பந்தை முற்றாக அகற்றிவிடுதல். வேறு பொருளால் மூட்டைச் செய்து பொருத்துதல். இரண்டாவதாகிய பூட்டும் முறை இளம் உடலுழைப்பாளருக்கே பெரும்பாலும் பரிந்துரைக்கப்பட்டது. நோவின்றி நாள் முழுவதும் நிற்கலாம். ஆனால் வசதியாக உட்கார முடியாது. உழைக்கும் உடலுக்கு நிற்பதே போதும் என்ற கணக்கு அதிலே தொக்கு நின்றது என்றால் அது மிகையாகாது.

நான்காவது வழியிலே முதலிற் சென்றவர் பேர்லினைச் சேர்ந்த தெமிஸ்ரொக்கிளீஸ் குளுக். 1890ஆம் ஆண்டளவில் சயரோகத்தால் அழிந்த மூட்டுக்களுக்குப் பதிலாக யானைத்தந்த மூட்டுக்களை அவர் பொருத்தினார். ஆபிரிக்காவைக் கூறுபோட்ட பேர்லின் மாநாடு முடிந்து ஐந்தாண்டுகளே கழிந்திருந்தன. தந்தம் மலிவாயிருந்த காலம் அது. கிருமி நிலைத்திருந்த மூட்டில் வைத்தவை சீழ்பிடித்துக் கழன்றன. அவருடைய மேலாளர் போலிருந்த பேராசிரியர் பேர்க்மன் மேற்கொண்டு பேசவிடாது தடுத்தார். பொஸ்ரனில் ஸ்மித்-பீற்றர்சன் 1923இற் கண்ணாடிக் கிண்ணமொன்றை இடையே வைத்துப் பார்த்தார், உடைந்தது. 1938இற் பல்வைத்தியர் பயன்படுத்திய கலப்புலோகத்தாற் செய்த கிண்ணம் நின்று பிடித்தது. பாரிஸில் ஜூடே சகோதரர்கள் 1946இல் அக்கிரிலிக் பந்துகளைப் பொருத்தத் தொடங்கினர். இவை கீச்சிட்டன.

6

அந்தக் கீச்சொலியே ஜோன் சார்ண்லி (1911-1982) என்ற மன்செஸ்ரர் வைத்தியரைச் சிந்திக்க வைத்தது. ஜூடே பந்து பொருத்தப்பட்ட ஒருவர் உணவு மேசையில் முன்னே குனியும்போதெல்லாம் மூட்டு கீச்சிட்டதாம். மனைவி எழுந்து போய்விடுவாராம். கீச்சொலி உராய்வின் குரல் என்று சார்ண்லி கண்டார். உராய்வு கூடினால் பொருத்திய பாகம் என்பிலிருந்து கழலும். ஆகவே வழுக்கும் பொருள் வேண்டும். லங்காஷயரின் றைற்றிங்டன் வைத்தியசாலையில் அவர் வேலை நடந்தது. 1933இல் சயரோகத்துக்காகத் திறக்கப்பட்ட நிலையம் அது. மருந்துகளாலும் வாழ்க்கைத் தர உயர்வாலும் சயரோகம் பின்வாங்கியபோது கட்டில்கள் வெறுமையாயின. ஒரு நூற்றாண்டின் இடுப்பு நோய் விட்டுச்சென்ற கட்டில்களில் இன்னொரு நூற்றாண்டின் இடுப்பு நோயாளர் வந்து படுத்தனர். 1948 யூலை 5ஆம் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவை, அவர்களிடம் பணம் கேட்கவில்லை. ஆலையில் வேலை செய்து ஓய்ந்த முதியோர் ஆயிரக்கணக்கில் வந்திராவிடில், இச்சத்திரசிகிச்சை செல்வர் சிலரின் அபூர்வ வசதியாக முடங்கியிருக்கக்கூடும்.

முதலில் அவர் தெரிந்தெடுத்த பொருள் ரெவ்லோன். 1958 முதல் ஏறத்தாழ முந்நூறு இடுப்புகளில் ரெவ்லோன் கிண்ணம் பொருத்தப்பட்டது. நோயாளர் நோவின்றி நடந்து சென்றனர்; சார்ண்லி புகழ் பெற்றார். இரண்டு மூன்று ஆண்டுகளில் யாவும் தேய்ந்தன. தேய்ந்த துகள்களைச் சூழ்ந்து இழையம் வீங்கிற்று. அவர் ஒவ்வொன்றாகத் திறந்து, தாம் வைத்ததைத் தாமே எடுத்தார். பின்னர் ரெவ்லோன் துகளைத் தமது தொடையிலேயே செலுத்தி, உடல் அதனை எவ்வாறு ஏற்கின்றது என்று சோதித்து 1963இல் அதனை எழுதி வெளியிட்டார். தோல்வியை மறைக்காத இந்நேர்மையை மெச்சாதிருக்க முடியாது. முந்நூறு பேருடைய அனுமதி எவ்வாறு பெறப்பட்டது என்று கேட்காதிருக்கவும் முடியாது.

1962 மே மாதம். பிளாஸ்ரிக் பற்சில்லுகளை விற்கும் முகவர் ஒருவர் றைற்றிங்டன் பட்டறைக்கு வந்தார். அவர் கொணர்ந்தது உயர்மூலக்கூற்று நிறையுள்ள பொலித்தீன். யேர்மனியின் றூர் பிரதேசத்து உற்பத்தி. லங்காஷயரின் நெசவாலைகளிலே, தறியின் இடைவிடாத அடியைத் தாங்கும் பாகங்களுக்கு அது பயன்பட்டு வந்தது. பட்டறைத் தொழினுட்பவியலாளர் ஹரி கிரேவன் அதனைச் சார்ண்லியிடம் காட்டினார். சார்ண்லி நகத்தால் அழுத்திப் பார்த்து, இது உதவாது என்று போய்விட்டார். கிரேவன் அவ்வாறு போய்விடவில்லை. பட்டறையில் இருந்த தேய்மானச் சோதனை இயந்திரத்தில் அத்துண்டைப் பூட்டினார்; சார்ண்லி வெளிநாடு சென்றிருந்தார்; இயந்திரம் இரவு பகலாக ஓடிற்று. மூன்று வாரங்களின் பின்னர் அளந்தபோது, ரெவ்லோன் ஒரு நாளிலே தேய்ந்திருக்கக்கூடிய அளவுகூட இது தேய்ந்திருக்கவில்லை. சார்ண்லி திரும்பி வந்து பார்த்தார். அவ்வாண்டு நவம்பரில் முதலாவது பொலித்தீன் கிண்ணம் மனித இடுப்பிலே வைக்கப்பட்டது. அதன் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் பொருத்தப்படுகின்றன.

சார்ண்லி 1977இல் ‘சேர்’ பட்டம் பெற்றார். அவர் பெருமையை எவ்வகையிலும் குறைப்பது என் கருத்தன்று. உராய்வு பற்றிய கோட்பாடு அவருடையது, 22.25 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு பந்து அவருடையது, கிரேவனின் அளவுகோல் காட்டியதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டவரும் அவரே. கிரேவனின் பெயரை அவர் மறைத்தாருமில்லை. ஆனால் கண்டுபிடிப்பு நிகழ்ந்த கணத்தில் நிபுணரின் நகம் தவறிற்று. இயந்திரத்தோடு பழகிய தொழிலாளியின் பிடிவாதம் சரியாயிற்று. அந்தப் பிடிவாதம் தனிமனிதக் குணமாக மட்டும் நோக்கற்பாலதன்று. நூற்றைம்பது ஆண்டுக்காலத் தறியோட்டத்திற் பாகங்கள் தேய்வதையே பார்த்துப் பார்த்து வந்த ஒரு பிரதேசத்தின் அறிவு, பொருளாகவும் பழக்கமாகவும் அப்பட்டறைக்குள் நுழைந்திருந்தது. சத்திரசிகிச்சை அறைக்குக் கிருமியற்ற காற்றைப் பாய்ச்சும் கூடாரத்தையும் சார்ண்லி உள்ளூர்க் காற்றுவடிப்புப் பொறியியலாளர் ஹவொர்த்தின் உதவியோடுதான் அமைத்தார். நூற்றுக்கு ஏழளவில் இருந்த கிருமித்தொற்று ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. எங்கெல்ஸ் கண்ட லங்காஷயர் இடுப்புகளைக் கோணச்செய்தது. அதே லங்காஷயரின் உற்பத்திச் சக்திகள் அவற்றுக்கு மாற்றையும் ஈன்றன. இதிலே நீதி எதுவும் நிறைவேறிவிட்டதாக நான் கருதவில்லை. முன்னையோரின் பேரப்பிள்ளைகளுக்கே அது கிடைத்தது.

இன்னுமொன்று. பொருத்திய மூட்டைத் தம் மரணத்தின் பின் திருப்பித் தருமாறு சார்ண்லி நோயாளரிடம் கேட்டார். பலர் உடன்பட்டனர். கிண்ணம் உண்மையில் எவ்வளவு தேய்கின்றது என்ற அறிவு அவ்வாறுதான் திரண்டது. அந்த முதியோர் இவ்விஞ்ஞானத்தின் பங்காளிகள்.

7

தொடக்கக் காலத்திற் சார்ண்லி, றைற்றிங்டனுக்கு வந்து முறையைக் கற்றுச் சென்றவர்களுக்கு மட்டுமே தமது மூட்டு விற்கப்படவேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தார். சந்தை அந்நிபந்தனையை நெடுங்காலம் பொறுக்கவில்லை. புதிய புதிய வடிவங்கள் வந்தன. பொலித்தீன் துகள்கள் நாளடைவிற் சுற்றியுள்ள என்பைக் கரைப்பது தெரியவந்தபோது, 1990களின் இறுதியில் அதனைக் கதிரியக்கத்தால் உறுதியாக்கிய புதுவகை வந்தது. இது பயனுள்ள முன்னேற்றம். மறுபுறத்தே உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டுக்கள் இளம் நோயாளருக்கென்று விளம்பரப்படுத்தப்பட்டன. அவற்றிலொன்று, உலகெங்கும் ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பின், 2010 ஓகஸ்ரில் மீளப்பெறப்பட்டது. ஒவ்வொரு மூட்டும் எத்தனை ஆண்டு நிற்கின்றது என்று கணக்கு வைக்கும் தேசியப் பதிவேட்டைச் சுவீடன் 1979இலேயே தொடங்கியிருந்தது. இங்கிலாந்து 2003இலேயே தொடங்கிற்று. 2019இல் வெளியான ஆய்வொன்றின்படி, செய்யப்பட்ட இடுப்பு மூட்டு மாற்றங்களில் ஏறத்தாழ 58 சதவீதமானவை இருபத்தைந்து ஆண்டுகள் நிலைக்கின்றன. அம்மதிப்பீடும் பதிவேடு வைத்திருந்த நாடுகளின் தரவுகளைக் கொண்டே செய்யப்பட்டது.

மூன்றாம் உலகின் ஒரு முயற்சியைச் சொல்லாது விடுவது நியாயமாகாது. பர்மாவின் மாண்டலேயில் சான் போ (1922-1984) என்ற சத்திரவைத்தியர், உடைந்து பொருந்தாத தொடையென்புக் கழுத்துக்குப் பதிலாக, 1960 தொடக்கம் யானைத்தந்தத்திற் செதுக்கிய மூட்டுமுனைகளைப் பொருத்தினார். அன்றைய பர்மாவில் இறக்குமதி உலோகத்தை விடத் தந்தம் மலிவு. செதுக்கும் கைவினைஞர் மரபும் அங்கிருந்தது. முதல் நோயாளி எண்பது வயதைக் கடந்த பௌத்த துறவிப்பெண். முந்நூறுக்கு மேற்பட்டோருக்கு அவ்வாறு பொருத்திய அவர், 1969இல் லண்டனிலே பிரித்தானிய என்புச் சத்திரவைத்தியர் சங்கக் கூட்டத்தில் தம் அனுபவத்தை எடுத்துரைத்தார். யானையின் நிலை இன்றிருக்கும் நிலையில் அம்முறையை எவரும் மீட்க விரும்பார். ஆயினும் அவருடைய அறிக்கையில் ஒரு விவரம் என் கவனத்தை ஈர்த்தது. தம் நோயாளரிற் பெரும்பாலோர் நடக்கின்றனர், சைக்கிள் ஓட்டுகின்றனர் என்பதோடு, குந்தியிருக்கின்றனர் என்பதையும் வெற்றிக்கு அளவாக அவர் காட்டியிருந்தார்.

சார்ண்லி வகை மூட்டைப் பெற்றவர் தாழக் குந்தக்கூடாது. பந்து குழியை விட்டு விலகிவிடும் என்பது வழக்கமான எச்சரிக்கை. கதிரையில் அமர்ந்து உண்டு, உயர்ந்த இருக்கையில் மலங்கழிக்கும் வாழ்க்கையொன்றை அம்மூட்டு முன்னெடுகோளாகக் கொண்டிருந்தது. வயலில் நாற்று நடுபவரும், அடுப்படியிற் குந்தியிருந்து சமைப்பவரும், தேங்காய் துருவுபவரும் அதன் கணக்கில் இருக்கவில்லை. என் பெரியம்மாவுக்கு மூட்டு மாற்றியபின், வைத்தியசாலையை விட்டு வரும்போது கொடுத்த தாளில், தாழ்வான கதிரைகளையும் மெத்தை இருக்கைகளையும் தவிர்க்கவேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அவர் வீட்டில் மெத்தை இருக்கை கிடையாது. திருவலைக்குற்றி இருந்தது. அதைப் பற்றித் தாளில் ஒன்றுமில்லை.